தேவதைகளுக்கு வயதாவதில்லை

மணிரத்னத்தின் 'அஞ்சலி' படத்தின் கடைசிப் பகுதியைக் கொஞ்சம் ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். 1990-ல் தியேட்டரில் பார்த்தவர்களுக்குப் பக்கத்து சீட்டில் மூக்குறிஞ்சிய சத்தமும் சேர்ந்து ஞாபகம் வரும். டி.வி.யில் பார்த்தவர்கள் விளம்பர இடைவேளையில் கண்ணைத் துடைத்துக்கொண்டிருப்பீர்கள். அம்மாவிடம் ஒட்டாமலே இருந்த குழந்தை மெள்ள ஒட்டிக்கொண்டு, 'அம்மா' என்று கூப்பிடவும் கற்றுக்கொண்டு, ஒரு நாள் தூக்கத்திலிருந்து எழுந்திருக்காமல் போய்விடுகிறது. இளையராஜாவுக்கு ஐந்நூறாவது படம். ரேவதியும் ரகுவரனும் அழுதார்கள், நாமும் அழுதோம், வெளியே வந்து டீ குடித்துவிட்டு பஸ் பிடித்தோம்.

இப்போது ஒரு விபரீதமான கேள்வி. அஞ்சலி சாகாமல் இருந்திருந்தால்?

கணக்குப் போட்டுப் பாருங்கள். அப்போது இரண்டு வயசு என்றால் இன்றைக்கு முப்பத்தேழு, முப்பத்தெட்டு. அண்ணனும் அக்காவும் கல்யாணமாகி எங்கேயோ செட்டிலாகியிருப்பார்கள். அம்மா சித்ராவுக்கு அறுபத்தைந்துக்கு மேல். முட்டி வலி. அதே அபார்ட்மென்ட்டில் அஞ்சலி காலையில் எழுந்து பல் தேய்க்க மாட்டேன் என்று அடம் பிடிப்பாள். தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் கொடுக்க வேண்டும். மாதம் மூன்று நாள் வேறு கவனம் வேண்டும். வங்கியில் அவள் பெயரில் கணக்கு ஆரம்பிக்கப் போனால் 'கையெழுத்துப் போடுவாங்களா மேடம்?' என்பார்கள். இந்தப் படத்துக்கு யாராவது டிக்கெட் வாங்குவார்களா?

வாங்க மாட்டோம். அதனால்தான் அஞ்சலி செத்துப்போனாள்.

'அஞ்சலி'யை மட்டம் தட்ட இதைச் சொல்லவில்லை. நல்ல படம். அந்தக் குட்டிப் பட்டாளம், காலனிக்காரர்களின் வெறுப்பு, 'அதை வெளியே அனுப்புங்க' என்கிற மாதிரி கூட்டம் போட்டுப் பேசுவது எல்லாம் இன்றைக்கும் பல ஃப்ளாட்டுகளில் நடக்கிற சமாசாரம். குழந்தைக்கு என்ன குறை என்று படம் பெயர் சொல்வதில்லை; மூளை வளர்ச்சி சரியில்லை, ரொம்ப நாள் தாங்காது, அவ்வளவுதான். டவுன் சிண்ட்ரோம் என்று எங்கேயும் சொல்லவில்லை. இருந்தாலும் தமிழ்நாட்டில் அப்படி ஒரு குழந்தை பிறந்த வீட்டுக்கு விசாரிக்க வருகிறவர்கள் மனசில் ஓடுகிற படம் அதுதான். 'தெய்வக் குழந்தைங்க இது. உங்களை நம்பி பகவான் அனுப்பியிருக்கான்' என்பார்கள். சொல்லிவிட்டுக் காப்பி குடித்துவிட்டுப் போவார்கள்.

இந்த தெய்வக் குழந்தை சமாசாரம் நம் ஊர்ச் சரக்கு மட்டும் இல்லை. அமெரிக்காவில் ராய் ரோஜர்ஸ் என்று ஒரு கௌபாய் நடிகர். அவர் மனைவி டேல் எவான்ஸும் நடிகை, பாடகி. 1950-ல் இவர்களுக்கு ராபின் என்ற பெண் குழந்தை டவுன் சிண்ட்ரோமோடு பிறந்தது. 'ஏதாவது ஹோமில் விட்டுவிடுங்கள்' என்று டாக்டர்கள் சொல்லியும் கேட்காமல் வீட்டுக்கு எடுத்துவந்தார்கள். இரண்டாவது பிறந்தநாளுக்கு இரண்டு நாள் இருக்கும்போது குழந்தை இறந்துபோனது. டேல் எவான்ஸ் 1953-ல் ஒரு சின்னப் புத்தகம் எழுதினார்: 'ஏஞ்சல் அன்அவேர்'. இறந்த குழந்தை சொர்க்கத்தில் உட்கார்ந்துகொண்டு, பூமியில் தனக்குக் கொடுத்த வேலையை எப்படி முடித்தேன் என்று கடவுளிடம் ரிப்போர்ட் கொடுக்கிற மாதிரி. அந்தக் குழந்தையின் வேலை என்ன? அப்பா அம்மாவை நல்லவர்கள் ஆக்குவது.

புத்தகம் சக்கைப்போடு போட்டது. அதன் நன்மையையும் சொல்லிவிட வேண்டும். அந்தக் காலத்தில் பணக்கார, பிரபல வீடுகளில் இப்படிப் பிறந்தால் மூச்சுவிட மாட்டார்கள். ஒரு சினிமா நட்சத்திரம் 'ஆமாம், எங்கள் வீட்டில் இருந்தாள், அவளைக் கொஞ்சினோம்' என்று அச்சில் சொன்னது பெரிய தைரியம். ராயல்டிப் பணத்தையும் இந்தக் குழந்தைகளுக்கான சங்கத்துக்கே கொடுத்துவிட்டார். ஆனால் ஓர் அச்சையும் வார்த்து வைத்துவிட்டார். குழந்தை வரும், நம்மைத் திருத்தும், போய்விடும். அடுத்து வந்த எத்தனையோ கதைகள் இதே அச்சில் வார்த்தவைதான்.

நடுவில் ஒரு சின்ன டாக்டர் விஷயம். சொல்லாவிட்டால் மேலே போக முடியாது. 'டவுன்' என்றால் கீழே என்று அர்த்தம் இல்லை; ஜான் லாங்டன் டவுன் என்ற ஆங்கிலேய டாக்டரின் பெயர். 1866-ல் இவர்களின் பொதுவான முகஜாடையை விவரித்தார். அதைப் பார்த்து மங்கோலியர் மாதிரி இருக்கிறார்கள் என்று அவர் எழுதியதில் 'மங்கோலிசம்' என்ற அபத்தப் பெயர் நூறு வருஷம் ஓடியது. கடைசியில் மங்கோலியாக்காரர்களே ஆட்சேபித்த பிறகு, 1965-ல் உலக சுகாதார நிறுவனம் அதைக் கைவிட்டது. காரணம் தெரிந்தது 1959-ல், பாரிஸில். நம் எல்லோருக்கும் 21-ம் எண் குரோமோசோம் இரண்டு பிரதி, இவர்களுக்கு மூன்று. (மார்ச் 21-ஐ டவுன் சிண்ட்ரோம் தினமாக வைத்திருப்பது இந்த மூன்று, இருபத்தொன்று கணக்கில்தான்.) கண்டுபிடிப்புக்கான புகழை ழெரோம் லெழேன் வாங்கிக்கொண்டார். செல் வளர்ப்பு வேலையைச் செய்த மார்த் கொத்தியே என்ற பெண் டாக்டர் ஐம்பது வருஷம் கழித்து, 2009-ல், தன் பங்கைப் பற்றி எழுதினார். அது தனிக் கதை, இன்னொரு வாரம் வைத்துக்கொள்ளலாம்.

நமக்கு வேண்டியது ஆயுள். இந்தக் குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்குப் பிறக்கும்போதே இதயத்தில் ஓட்டையோ வேறு கோளாறோ இருக்கும். நோய்த்தொற்று சுலபமாக வரும். அமெரிக்காவில் 1983-ல்கூட சராசரி ஆயுள் இருபத்தைந்து வருஷம்தான் என்று கணக்கு. இன்றைக்கு அறுபது. ஒரே தலைமுறையில் இத்தனை ஏற்றம். பெரிய மந்திரமெல்லாம் இல்லை. குழந்தைப் பருவத்திலேயே இதய ஆபரேஷன், ஆன்ட்டிபயாடிக், அப்புறம் 'எதற்கு வைத்தியம்' என்று ஹோமில் போட்டு வைப்பதை நிறுத்தியது. இவ்வளவுதான்.

ஆக, 1953-ல் எழுதிய கதையில் குழந்தை சாவது நிஜ வாழ்க்கை. அதற்கப்புறமும் கதைகளில் குழந்தை செத்துக்கொண்டே இருந்தால், கதாசிரியர்கள் டாக்டர்களைப் பார்த்து ரொம்ப நாளாகிவிட்டது என்றுதான் அர்த்தம்.

1996-ல் 'எட்டாம் நாள்' என்று ஒரு பெல்ஜியப் படம் வந்தது. இயக்குநர் ழாக்கோ வான் டோர்மேல். டவுன் சிண்ட்ரோம் உள்ள ஷார்ஷாக நடித்தவர் பாஸ்கல் துக்கேன். அவருக்கு நிஜமாகவே டவுன் சிண்ட்ரோம். உடன் நடித்த டானியல் ஓத்தோயும் அவரும் கான் விழாவில் சிறந்த நடிகர் விருதைப் பகிர்ந்துகொண்டார்கள். நடிப்பைப் பார்த்தால் பாதி விருது கொடுத்தது அநியாயம் என்று தோன்றும், பாஸ்கலுக்கு முழுசாகவே கொடுத்திருக்கலாம்.

ஷார்ஷ் ஒரு ஹோமில் இருக்கிறான். அம்மாவைப் பார்க்க வேண்டும் என்று கிளம்பிவிடுகிறான். அம்மா எப்போதோ இறந்துபோய்விட்டாள். போய்ச் சேருகிற இடம் அக்காவின் வீடு. படத்தில் நான் நிமிர்ந்து உட்கார்ந்த இடம் அதுதான். அக்கா கெட்டவள் இல்லை. தம்பி மேல் பிரியம் இருக்கிறது. ஆனால் அவளுக்குக் குடும்பம் இருக்கிறது, அவனை வைத்துக்கொள்ள முடியாது. அதைச் சொல்லும்போது அவள் முகத்தைப் பாருங்கள். நம் ஊர்ப் படமாக இருந்தால் அவளை வில்லி ஆக்கி, புடவைத் தலைப்பை உதறச் சொல்லியிருப்போம். இங்கே அவள் நம்மில் ஒருத்தி. அம்மாவுக்கு அப்புறம் யார் என்ற கேள்வியைப் படம் சத்தமில்லாமல் நடுவில் கொண்டுவந்து வைத்துவிடுகிறது.

வைத்துவிட்டு? பயந்துவிடுகிறது. ஓத்தோய் ஏற்ற பாத்திரம் பொழுதெல்லாம் வெற்றி, ஊக்கம் என்று வகுப்பெடுத்துவிட்டு, ஸ்டேஷனில் இறங்கிய தன் பிள்ளைகளை அழைத்துவர மறக்கிற ஆசாமி. ஷார்ஷின் சகவாசத்தில் திருந்துகிறார். திருந்தி முடித்த கையோடு ஷார்ஷ், தனக்கு ஒத்துக்கொள்ளாத சாக்லேட்டை வயிறு நிறையத் தின்றுவிட்டு மாடியிலிருந்து குதித்துவிடுகிறான். கவிதையாகத்தான் எடுத்திருக்கிறார்கள். எனக்குக் கோபம் வந்தது. ராபினின் அதே வேலை: வந்தான், திருத்தினான், போனான். அக்காவின் வீட்டு வாசலில் எழுந்த கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லாமல் போய்விட்டது.

சாகாமல் வளர்கிற ஒரு பெண்ணைப் பற்றிய நாவலும் இருக்கிறது. கிம் எட்வர்ட்ஸ் எழுதிய 'தி மெமரி கீப்பர்ஸ் டாட்டர்', 2005. பேப்பர்பேக்கில் வந்ததும் உலகமெல்லாம் விற்றது. நம் ஊரில் பழைய புத்தகக் கடைகளில் நிச்சயம் கிடைக்கும்.

1964, அமெரிக்காவின் கென்டக்கி மாநிலம், பனிப்புயல். டாக்டர் டேவிட் ஹென்றி தன் மனைவிக்குத் தானே பிரசவம் பார்க்க வேண்டியதாகிவிடுகிறது. இரட்டைக் குழந்தை. பையன் நன்றாக இருக்கிறான். பெண்ணுக்கு டவுன் சிண்ட்ரோம். முகத்தைப் பார்த்ததுமே டாக்டருக்குத் தெரிந்துவிடுகிறது. கூட இருந்த நர்ஸ் கரோலின் கையில் குழந்தையைக் கொடுத்து, ஒரு ஹோமில் விட்டுவிட்டு வரச் சொல்கிறார். மயக்கம் தெளிந்த மனைவியிடம் பெண் குழந்தை இறந்துவிட்டதாகச் சொல்லிவிடுகிறார்.

எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா? 'அஞ்சலி'யில் ரகுவரன் ரேவதியிடம் சொன்னதும் இதுதான். காப்பி என்று கிளம்ப வேண்டாம். நாவல் பதினைந்து வருஷம் பிந்தியது. கதை ஒத்துப்போவதற்குக் காரணம், உலகமெங்கும் அப்பாக்களும் டாக்டர்களும் ஒரே மாதிரி யோசித்ததுதான். 'அவள் தாங்க மாட்டாள். நான் தாங்கிக்கொள்கிறேன்.' அம்மாவை யாரும் கேட்பதில்லை. ரகுவரன் பாத்திரத்துக்கு ஒரு மார்க் கூடுதல்: பொய் சொன்னாலும் குழந்தையைக் கைவிடவில்லை, மறைவாகப் பார்த்துக்கொண்டார். டேவிட் அதுவும் செய்யவில்லை.

ஏன் செய்யவில்லை என்பதுதான் நாவலின் நுட்பமான இடம். டேவிட்டின் தங்கை சிறு வயதிலேயே இதய நோயில் செத்தவள். அவன் அம்மா அதிலிருந்து மீளவே இல்லை. இந்தக் குழந்தையும் சீக்கிரம் செத்துவிடும், மனைவிக்கு எதற்கு அந்தத் துக்கம் என்பது அவன் கணக்கு. 'ரொம்ப நாள் தாங்காது' என்ற அதே கணக்கு. கணக்கு தப்பிவிட்டது. ஃபீபி சாகவில்லை. ஹோமைப் பார்த்து மனசு கேட்காமல் கரோலின் குழந்தையைத் தானே எடுத்துக்கொண்டு வேறு ஊருக்குப் போய் வளர்க்கிறாள். ஃபீபி பள்ளிக்கூடம் போகிறாள், வளர்கிறாள், காதலிக்கிறாள். டேவிட்தான் மாரடைப்பில் முதலில் போகிறான்.

நாவலில் எனக்குக் குறை உண்டு. கிம் எட்வர்ட்ஸுக்கு ரகசியத்தின் மேல்தான் மோகம். டேவிட்டின் குற்ற உணர்ச்சி, அவன் காமிரா, மனைவியின் தனிமை என்று பக்கம் பக்கமாகப் போகிறது. அதெல்லாம் ஆயிரம் நாவலில் இருக்கிறது. வேறெங்கும் கிடைக்காதது கரோலினின் பகுதிகள். இந்தப் பிள்ளைகளையும் பள்ளியில் சேர்க்க வேண்டும் என்று மற்றப் பெற்றோர்களோடு சேர்ந்து அதிகாரிகள் முன்னால் போய் நிற்பது. வளர்ந்த ஃபீபி, ராபர்ட் என்ற பையனைக் கல்யாணம் செய்துகொள்ளப் போவதாக அறிவிக்கும்போது கரோலினுக்குத் தூக்கம் போவது. பெற்றவள் இல்லை, எடுத்து வளர்த்தவள். விடவும் முடியவில்லை, வைத்துக்கொள்ளவும் முடியவில்லை. இருபது வருஷம் ஒருத்தியின் பல் தேய்ப்பதிலிருந்து பஸ் ஏறுவது வரை கூடவே நின்றவளால் திடீரென்று ஓர் அடி தள்ளி நிற்க முடிவதில்லை. அந்தப் பக்கங்களை மட்டும் தனியாகப் பிரித்து ஒரு சின்ன நாவலாகப் போட்டிருந்தால் நான் அதை இன்னும் நாலு பேருக்கு வாங்கிக் கொடுப்பேன்.

கதையை விட்டால் நிஜத்தில் இன்னும் கஷ்டமான உதாரணம் இருக்கிறது. ஆர்தர் மில்லர். 'டெத் ஆஃப் எ சேல்ஸ்மேன்', 'ஆல் மை சன்ஸ்' எழுதியவர். அப்பா பிள்ளை உறவை அவரளவு மேடையில் குடைந்தவர் யாரும் இல்லை. 1966-ல் அவருக்கும் புகைப்படக் கலைஞர் இங்கே மோராத்துக்கும் டேனியல் என்ற மகன் டவுன் சிண்ட்ரோமோடு பிறந்தான். அவனை ஹோமில் சேர்த்தார்கள். அம்மா வாராவாரம் போய்ப் பார்த்துவந்தார். மில்லர் 1987-ல் எழுதிய நீண்ட சுயசரிதையில் டேனியல் பெயரே கிடையாது. மில்லர் 2005-ல் இறந்து இரண்டு வருஷம் கழித்து 'வேனிட்டி ஃபேர்' பத்திரிகை எழுதிய பிறகுதான் உலகத்துக்குத் தெரிந்தது. உயிலில் மற்றப் பிள்ளைகளுக்குச் சமமாக டேனியலுக்கும் பங்கு எழுதியிருந்தார் என்று அந்தக் கட்டுரை சொல்கிறது.

மில்லரைத் திட்டுவது சுலபம். அந்தக் காலத்தில் டாக்டர்கள் அப்படித்தான் சொன்னார்கள். என் கவனம் அந்த சுயசரிதையில் இருக்கிறது. தன்னையும் தன் காலத்தையும் பற்றி அத்தனை பக்கம் எழுதிய மனிதரிடம், உயிரோடு ஒரு ஹோமில் வளர்ந்துகொண்டிருந்த மகனுக்கு ஒரு வரி இல்லை. இறந்திருந்தால் எழுதியிருப்பாரோ என்று எனக்குச் சந்தேகம்.

நேரெதிராக ஒருவர்: பிரான்ஸின் ஷார்ல் தெ கோல். விறைப்பான ராணுவ ஆசாமி, ஆறரை அடி உயரம், சிரிக்கிற போட்டோ கிடைப்பதே அபூர்வம். 1928-ல் பிறந்த அவர் கடைசி மகள் ஆன் டவுன் சிண்ட்ரோம் குழந்தை. போன ஊருக்கெல்லாம் கூட்டிப்போனார்கள். வீட்டுக்கு வந்ததும் ஜெனரல் அவளுக்காகப் பாடுவார், ஆடுவார், மடியில் வைத்துக்கொண்டு கதை சொல்வார் என்று பக்கத்திலிருந்து பார்த்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். இதைத்தான் எல்லோரும் சொல்வார்கள், நெகிழ்வார்கள். நான் கவனிக்கச் சொல்வது வேறு. 1945-ல், போர் முடிந்த கையோடு, அவரும் மனைவி இவோனும் மகள் பெயரில் ஓர் அறக்கட்டளை ஆரம்பித்து, இப்படிப்பட்ட பெண்களுக்கு ஓர் இல்லம் ஏற்பாடு செய்தார்கள். தங்கள் காலத்துக்குப் பிறகு ஆனுக்கும் ஓர் இடம் வேண்டும் என்ற கவலைதான். பிற்பாடு எழுதிய போர் நினைவுகளின் ராயல்டியும் அதற்கே போனது. நாட்டையே காப்பாற்றிய ஜெனரலுக்கும் 'நமக்கு அப்புறம் இவளுக்கு யார்?' என்ற கேள்விக்குத் தூக்கம் கெட்டிருக்கிறது. ஆன் 1948-ல் இருபது வயதில் நிமோனியாவில் போய்விட்டாள். அறக்கட்டளை இன்றும் நடக்கிறது.

இதே கேள்வியைக் கொஞ்ச நாள் முன்னால் ஒரு வாசகி என்னிடம் கேட்டார். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், வயது எழுபத்து மூன்று. மகனுக்கு நாற்பத்தைந்து. தேவதைக் கதைகளை நான் கிண்டலாக ஏதோ சொன்னபோது குறுக்கே பேசினார். "என் பிள்ளை தேவதையெல்லாம் இல்ல சார். பிடிவாதம்னா பிடிவாதம். பக்கத்து வீட்டுப் பையன் மாதிரி பேசிக் காட்டி என்னைச் சிரிக்க வெச்சுட்டு, அந்த கேப்ல என் பர்ஸ்லேர்ந்து பத்து ரூபா எடுத்துடுவான்" என்றார். அப்புறம் சொன்னார், சாதாரணமாக, மார்க்கெட் விலை சொல்கிற குரலில்: "தினமும் ஒண்ணே ஒண்ணுதான் வேண்டிக்கறேன். அவன் போன மறுநாள் நான் போகணும்."

இந்த வேண்டுதலைச் சொல்கிற அம்மாக்கள் நிறையப் பேர். தான் பெற்ற பிள்ளை தனக்கு முன்னால் போக வேண்டும் என்று பெற்றவளே கேட்கிற நிலைமை இருக்கிறதே, இதைவிடப் பெரிய நாடகத்தை மில்லரும் எழுதியதில்லை. இதில் வில்லன் யாரும் இல்லை. மருத்துவம் ஜெயித்துவிட்டது, ஆயுள் கூடிவிட்டது, அதற்கான ஏற்பாடுதான் கூடவே வளரவில்லை.

சொன்னால் சிரிப்பீர்கள், இந்த விஷயத்தில் கதாசிரியர்களைவிட அதிகக் கற்பனை காட்டியது நம் நாடாளுமன்றம். 1999-ல் வந்த தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் நோக்கங்களில் ஒன்றாகவே, பெற்றோரோ காப்பாளரோ இறந்துபோனால் இவர்களின் பராமரிப்புக்கு வழிசெய்வது என்று எழுதியிருக்கிறார்கள். பிள்ளைக்குப் பதினெட்டு முடிந்ததும் சட்டத்தின் கண்ணில் அவன் மேஜர். அம்மா அப்பா தானாகவே கார்டியன் கிடையாது. கலெக்டர் இருக்கிற மாவட்டக் குழுவிடம் மனுப் போட்டுக் காப்பாளர் நியமனம் வாங்க வேண்டும். பல வீடுகளில் இது தெரியவருவது அப்பா இறந்து, வாரிசுச் சான்றிதழுக்கு அலையும்போதுதான். சட்டம் எல்லாவற்றையும் செய்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அஞ்சலிக்கு முப்பத்தெட்டு வயசாகும் என்று அதற்காவது தோன்றியிருக்கிறது.

இன்னொன்றும் இருக்கிறது, இதைச் சொல்ல எனக்கே தயக்கம். அல்ஸைமர் நோயோடு தொடர்புள்ள முக்கியமான ஒரு ஜீன் இருப்பது அதே 21-ம் குரோமோசோமில். மூன்று பிரதி என்பதால் இவர்களுக்கு நாற்பதுகளிலேயே மூளையில் அதற்கான மாற்றங்கள் ஆரம்பித்துவிடுகின்றன. அறுபதைத் தொடும்போது பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு மறதி நோய். நாற்பது வருஷம் பாடுபட்டு ஒவ்வொன்றாகக் கற்றுக்கொடுத்த சட்டை பட்டன், ஷூ லேஸ், வீட்டு விலாசம் எல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பிப் போவதை எண்பது வயதுத் தாய் உட்கார்ந்து பார்க்க வேண்டியிருக்கும்.

1987-ல் எமிலி பெர்ல் கிங்ஸ்லி என்ற அமெரிக்கத் தாய் எழுதிய ஒரு பக்கக் கட்டுரை உலகப் பிரசித்தம். இத்தாலிக்கு டிக்கெட் வாங்கி விமானம் ஏறுகிறோம், அது ஹாலந்தில் இறக்கிவிடுகிறது. இத்தாலி போச்சே என்று அழாமல் ஹாலந்தின் அழகைப் பார்க்கப் பழகிக்கொள்கிறோம் என்பது சாராம்சம். புதிதாகப் பெற்றவர்கள் கையில் இன்றும் இதைக் கொடுக்கிறார்கள். முதல் வாரத்துக்கு நல்ல மருந்து, மறுக்கவில்லை. ஆனால் அது சுற்றுலாப் பயணிக்கு எழுதியது மாதிரி எனக்குப் படுகிறது. அறுபது வருஷம் ஹாலந்தில் குடியிருக்கப் போகிறவருக்கு வீட்டு வாடகை, ரேஷன் கார்டு, மொழி எல்லாம் வேண்டாமா? நியாயமாகச் சொன்னால் அந்த அம்மாளே விமான நிலையத்தோடு நின்றுவிடவில்லை. 1974-ல் பிறந்த அவர் மகன் ஜேசன், மிட்செல் லெவிட்ஸ் என்ற நண்பரோடு சேர்ந்து 1994-ல் 'கவுன்ட் அஸ் இன்' என்று தங்களைப் பற்றித் தாங்களே பேசிப் புத்தகமாகப் போட்டார். இருவருக்கும் டவுன் சிண்ட்ரோம். பள்ளி, பெண்கள், அரசியல், பெற்றோரோடு சண்டை எல்லாம் உண்டு. இதில் தேவதை யாரும் வருவதில்லை. ஹாலந்துக் கட்டுரையின் ஜெராக்ஸ் கிடைத்த அளவுக்கு இந்தப் புத்தகம் நம் ஊரில் ஏன் பேசப்படவில்லை என்பது ஆச்சரியம்.

நம் பக்கம் சமீபத்தில் இரண்டு படங்கள். ஒன்று உங்களுக்குத் தெரியும். 2025-ல் வந்த ஆமிர் கானின் 'சிதாரே ஜமீன் பர்'. இயக்கியவர் நம் ஆர்.எஸ்.பிரசன்னா, 'கல்யாண சமையல் சாதம்' எடுத்தவர். 2018-ல் வந்த ஸ்பானியப் படத்தின் மறுஆக்கம். அறிவுசார் குறைபாடு உள்ள பத்துப் பேரை நிஜமாகவே நடிக்க வைத்தார்கள், அவர்களும் வெளுத்து வாங்கினார்கள். யாரையும் சாகடிக்கவில்லை, அதற்கே கை தட்டலாம். ஆனால் அது கோச்சின் கதை. அவர் திருந்துகிறார். திருந்துவதற்கு இன்னும் ஒருவர் தேவைப்பட்டுக்கொண்டே இருக்கிறார், பாருங்கள்.

இன்னொன்று அதிகம் பேர் பார்க்காதது. 2021-ல் ஓடிடியில் வந்த 'திரிகே' என்ற மலையாளப் படம். ஆமிர் படத்தில் நடித்த கோபி கிருஷ்ணன் வர்மாதான் இதில் அண்ணன். சின்ன வயதில் பெற்றோரை இழந்து, வேறு வேறு வீடுகளில் தத்துப் பிள்ளைகளாக வளர்ந்த இரண்டு சகோதரர்கள். தம்பிக்கு அண்ணனைத் தன்னோடு கொண்டுவந்து வைத்துக்கொள்ள வேண்டும். பிரியம் இருந்தால் போதும் என்று கிளம்புகிறான். நான் இதுவரை பொருமிக்கொண்டிருந்த கதைகள் எங்கே முடிகின்றனவோ, அங்கே இது ஆரம்பிக்கிறது: அம்மா அப்பா இல்லை, இனி யார்? அங்கங்கே சர்க்கரை தூக்கல்தான், தயாரிப்பு எளிமை. இருக்கட்டும். முப்பது வயது டவுன் சிண்ட்ரோம் மனிதருக்கு ஒரு பிடித்தம், ஒரு கோபம், தன்னை வளர்த்தவர்கள் மேல் ஒரு விசுவாசம் எல்லாம் இருக்கும், அவரைப் பெட்டி மாதிரி ஒரு வீட்டிலிருந்து எடுத்து இன்னொரு வீட்டில் வைக்க முடியாது என்று தெரிந்து எடுத்திருக்கிறார்கள்.

இந்தப் பிள்ளைகளோடு வருஷக்கணக்காக இருக்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால் எழுதுங்கள். அம்மாக்கள் மட்டும் இல்லை. ஷேவ் பண்ணிவிடுகிற அப்பாக்கள், ஷார்ஷின் அக்கா மாதிரி தர்மசங்கடத்தில் இருக்கிற அக்காக்கள், அண்ணியாக வந்து மாட்டிக்கொண்டவர்கள், எல்லோரும். தெய்வக் குழந்தை என்று ஆரம்பிக்க வேண்டாம். காலை ஆறு மணிக்கு வீட்டில் என்ன நடக்கிறது என்று ஆரம்பியுங்கள். எழுதியதற்கு ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். திருப்பி அனுப்புவதில் நான் கொஞ்சம் மோசம்.